மூன்று நாள் மனைவி

அத்தியாயம் 14

போன வாரம் பிரின்லியைச் சந்தோஷத்தில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்க விட்டுவிட்டு வந்தோம். நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. இருநூறு பேர் முட்டி மோதியதில் நாற்பது பேரைத்தான் எடுத்தார்கள், அதில் இவள் ஒருத்தி. ஜூன் கடைசிக்குள் கட்டணத்தைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் நாற்பத்தொன்றாவது ஆளுக்குப் போய்விடும்.

அதற்கு அவள் நம்பியிருந்தது ஒன்றே ஒன்றைத்தான். அவளும் கணவன் டாலினும் சேர்ந்து வருமான வரிக் கணக்குப் போட்டால் திரும்பி வருகிற ரீஃபண்ட். சொந்தக் காசில் கல்லூரிக் கட்டணம் கட்டியதற்கான சலுகையும் அதில் சேரும். விரல் விட்டு எண்ணிப் பார்த்திருந்தாள். கட்டணத்துக்குச் சரியாக வந்தது.

டாலின்தான் பிடி கொடுக்காமல் நழுவிக் கொண்டிருந்தான். "அடுத்த வாரம் பாத்துக்கலாம் பிரின்" என்பான். அடுத்த வாரம் வந்தால் அதற்கு அடுத்த வாரம். பிப்ரவரி போயிற்று, மார்ச்சும் போயிற்று. ஏப்ரல் முதல் புதன்கிழமை பிரின்லிக்குப் பொறுமை போயிற்று.

காலை நாலு மணிக்குக் கல்லூரி வராந்தாக்களைத் துடைக்கும் வேலைக்குப் போனாள். முடித்துவிட்டு, முழங்கால் வலியோடு நூலகத்தில் போய் மடிக்கணினியைத் திறந்தாள். பக்கத்தில் தோழி மெக்கெல். கணக்கியல் படிக்கிறவள், வரி விவகாரமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"டாலின்கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா இன்னும் ஒரு வாரம்னுவான். முடிச்சுட்டுச் சொல்லிக்கறேன்."

"ரெண்டு பேர் கணக்குடி. அவன் சார்பாவும் நீயே ஒப்புதல் குடுத்துட்டியா?"

"பொண்டாட்டிதானே, குடுக்கக் கூடாதா?" என்று பொத்தானைத் தட்டினாள் பிரின்லி.

இரண்டு பேரும் ஆளுக்கொரு குளிர்பானம் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள். அது பாதி தீர்வதற்குள் பதில் வந்துவிட்டது. கணக்கு ஏற்கப்படவில்லை.

மெக்கெல் திரையை இழுத்து வைத்துப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"உன் வரி நம்பரை ஏற்கெனவே யாரோ அவங்க கணக்குல காட்டியிருக்காங்க. நீ அவங்க டிபென்டன்டாம். அவங்களை நம்பி, அவங்க சோத்துல இருக்கற ஆளாம்."

"ஐயையோ, எவனாவது திருடிட்டானா?"

"திருடறவன் உன்னை எதுக்குடி மகளா வச்சுக்கப் போறான்? உங்கப்பாவைக் கேளு."

பிரின்லிக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவா? போன ஆகஸ்டில், இவள் கல்யாணப் பேச்சை எடுத்த அன்று, சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. 'இருபது வயசுல புருஷன் கேக்கறவளுக்கு ஃபீஸ் மட்டும் அப்பன் கட்டணுமா? இன்னியிலேர்ந்து உன் பாடு.' சொன்னபடியே கை கழுவிவிட்டார். அதற்கப்புறம் ஒரு காசு வந்ததில்லை. அவள் தரை துடைக்கப் போனதே அதனால்தான்.

"அவர் அப்படிப் பண்ண மாட்டார்" என்றாள்.

மெக்கெல் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். "இதுல சூட்சுமம் ஒண்ணுதான். நீயும் டாலினும் தனித்தனியா கணக்குப் போட்டா, உங்கப்பா போட்டது செல்லும். சேர்ந்து போட்டீங்கன்னா செல்லாது. கம்ப்யூட்டர்ல இனிமே எடுத்துக்காது, காகிதத்துல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு தபால்ல அனுப்பு. இந்த வாரம் போனா ஜூன் கடைசிக்குள்ள பணம் வந்துரும். ஆனா உங்கப்பாவுக்கு வரி ஆபீஸ்லேர்ந்து கடுதாசி போகும். அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோ."

உடற்கூறு வகுப்பு பத்து மணிக்கு. பிரின்லி வகுப்புக்குப் போகவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே அப்பாவின் பண்ணைக்குப் போனாள். முக்கால் மணி நேரத்துப் பாதை, உழுத வயல்களிலிருந்து காற்று புழுதியை வாரி வாரிச் சாலையில் கொட்டியது. வழி முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனாள். கை தவறிப் போட்டிருப்பார். வருஷா வருஷம் போடுகிற பழக்கத்தில் பெயர் விழுந்திருக்கும். சொன்னால் திருத்திவிடுவார். அவ்வளவுதான், அவ்வளவேதான்.

வீட்டில் மேலே யாரும் இல்லை. நிலவறையிலிருந்து பெயின்ட் வாசம் வந்தது. இறங்கிப் போனால், அம்மா ஜோலின் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சுவருக்கு மஞ்சள் அடித்துக் கொண்டிருந்தாள். அண்ணன்கள் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த இடம் பளிச்சென்று காலியாக இருந்தது. மூலையில் பிரிக்காத பெட்டியில் ஒரு புது அடுப்பு.

"என்னம்மா இது?"

"அடி ஆத்தி! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே, உசுரே போச்சு. பெயின்ட் அடிக்கறேன்."

"அது தெரியுது. யாருக்கு?"

"யாருக்கா? மே மாசம் நீங்க வரதுக்குள்ள காய வேணாமா? இந்த மஞ்சள் உனக்குப் பிடிக்குமில்ல?"

"நாங்களா? நாங்க எங்கம்மா வரோம்?"

ஜோலினின் கை அந்தரத்தில் நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வார்த்தை வெளியே வந்தாயிற்று, இனி எங்கே பிடிப்பது.

"டாலின் இன்னும் சொல்லலையா?"

பிரின்லி பேசாமல் நின்றாள். பேசாமல் நின்றால் அம்மா தானே எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அப்படியே நடந்தது.

"முப்பது ஏக்கர் அவன் பேருக்குக் குத்தகைக்கு விடறதா அப்பா சொல்லியிருக்காரு. வாய்க்கா ஓரத்து நிலம். அவனுக்குப் படிப்புல மனசில்லன்னு உனக்கே தெரியுமே. நீங்க ரெண்டு பேரும் கீழ இருந்துக்கலாம், வாடகை கிடையாது. நீயும் கொஞ்ச நாள் ஓய்வா இருக்கலாமில்ல? அண்ணனுங்க ரெண்டு பேரும் பண்ணையை விட்டுப் போனதுலேர்ந்து அப்பா ஆளே ஒடுங்கிட்டாருடி. நான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லாத, சரியா?"

"அம்மா, எனக்கு நர்சிங்ல இடம் கெடைச்சிருக்கு."

"நெசமாவா!" ஜோலின் முகம் ஒரு நொடி பூரித்துப் போயிற்று. "எப்போ?"

"போன வியாழக்கிழமை. ஈஸ்டருக்கு வந்து நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். டாலினுக்கு மட்டும்தான் தெரியும்."

டாலினுக்குத் தெரியும். அன்று இரண்டு கையாலும் அவளைத் தூக்கிச் சுற்றினானே! சுற்றியபோதே இந்த நிலவறையும் மஞ்சள் சுவரும் அவன் மனசில் இருந்திருக்கின்றன. பிரின்லிக்கு முகமெல்லாம் எரிந்தது. அம்மா மெதுவாகப் பெயின்ட் டப்பாவை மூடினாள். அவளால் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்பா லாவெல் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

விதை உருளைக்கிழங்கு வெட்டுகிற பருவம். தொப்பியிலிருந்து பூட்ஸ் வரைக்கும் மண்ணாக இருந்தார். மகளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"யாரு வந்திருக்கறது! காலேஜுக்கு மட்டமா? உக்காரு, உக்காரு."

"அப்பா, உங்க வரிக் கணக்குல என் பேரைப் போட்டிருக்கீங்களா?"

லாவெல் கை கழுவினார். துடைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பன்றி இறைச்சித் துண்டும், பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கும், புட்டியில் போட்டு வைத்த பீச் பழமும் மேஜையில் இருந்தன.

"சாப்பாடு ஆறுது. ஜெபம் பண்ணு கண்ணு, உன் குரல்ல கேட்டு நாளாச்சு."

கோபத்திலும் அந்த வீட்டில் ஜெபம் இல்லாமல் கரண்டி தூக்கியதில்லை. பிரின்லி கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தாள்.

"பரலோகப் பிதாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதைச் சமைச்ச கைகளை ஆசீர்வதியும். இந்த மேஜையில உக்காந்திருக்கறவங்க எல்லாரும் உண்மையைப் பேச உதவி செய்யும். ஆமென்."

ஜோலின் மட்டும் ஆமென் என்றாள்.

"போட்டேன்" என்றார் லாவெல், கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டே. "ஒளிச்சா வச்சேன்? வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள். அதுல முந்நூத்தி அறுபத்திரெண்டு நாள் நீ எம் மக. மூணே மூணு நாள் அவன் பொண்டாட்டி. யாருக்குப் பாத்தியதை ஜாஸ்தி, நீயே சொல்லு."

அவர் சொன்ன கணக்கு வாஸ்தவம்தான். அந்த ஊர்ப் பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, பரீட்சை அட்டவணையைத்தான் பார்ப்பார்கள். இரண்டு பருவத்துக்கு நடுவே கிடைக்கிற பத்து நாள் விடுமுறைதான் அவர்களுக்கு முகூர்த்தம். பிரின்லிக்கும் டாலினுக்கும் அது டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி வாய்த்தது.

"சட்டம் அப்படி இல்லப்பா. டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி புருஷன் பொண்டாட்டின்னா, வருஷம் பூராவும் புருஷன் பொண்டாட்டிதான்."

"தெரியும். அப்பனுக்குக் கிழங்கு மட்டும்தான் தெரியும்னு நெனைச்சியா? நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா போட்டா, நான் போட்டது செல்லும். அப்படித்தான் பேச்சு."

"யாரோட பேச்சு?"

"மாப்ளையோட."

பிரின்லிக்குத் தூக்கி வாரிப் போட்டது. நிலத்தைப் பற்றித்தான் பேசி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். இவளையும் சேர்த்தே பேசி முடித்திருக்கிறார்கள்.

"எங்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உங்கிட்ட கேட்டா நீ அழுவ. ஆம்பளைங்க நாங்க பேசி, கை குடுத்துக்கிட்டோம். முடிஞ்சுது. உனக்கு இதுல என்ன நஷ்டம்?"

"ஆகஸ்ட்ல உன் பாடுன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் கட்டின ஃபீஸெல்லாம் நான் தரை தொடச்சுக் கட்டினது. அதுக்கு வர சலுகையையும் நீங்க வாங்கிட்டீங்க. நான் வேணாம், என் பேரு மட்டும் வேணுமாப்பா?"

"இருபது வருஷம் சோறு போட்டவன்டி நான்!"

"அதுக்கு நான் நன்றி சொல்லாத நாள் இல்ல. ஆனா என்னை வாசலுக்கு வெளிய நிறுத்திட்டு, உள்ள இருக்கா உள்ள இருக்கான்னு கவர்மென்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்களே!"

லாவெல் கரண்டியை வைத்தார். பிறகு அவர் குரல் இறங்கியது.

"ஆகஸ்ட்ல வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், ஒத்துக்கறேன். அதான் வீட்டைத் தயார் பண்றேன்ல? வந்துரு கண்ணு. இந்த இடத்துல இனிமே எனக்குன்னு யாரு இருக்கா?"

அவர் கண் கலங்கியிருந்தது. பிரின்லிக்கு அதைப் பார்த்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"எனக்கு நர்சிங்ல இடம் கெடைச்சிருக்குப்பா. அந்தப் பணம் வந்தாத்தான் சேர முடியும். நாங்க சேர்ந்துதான் கணக்குப் போடப் போறோம். தபால்ல அனுப்பறேன்."

நர்சிங் என்றதும் லாவெல் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். பிறகு பிடிவாதம் திரும்ப வந்து முகத்தில் உட்கார்ந்தது.

"அனுப்பு. எனக்கு ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வரும், வாங்கினதை வட்டியோட கட்டணும். சபையில என்னை எல்லாரும் எப்படிப் பாப்பாங்கன்னு நீ யோசிக்க வேணாம். ஆனா அந்த முப்பது ஏக்கர் அன்னிக்கே வேற ஆளுக்குப் போயிரும். ரெண்டு கையெழுத்து வேணுமே கண்ணு, ஒண்ணு உன்னோடது. இன்னொண்ணை அவன் போட மாட்டான்."

"என் புருஷனைப் பத்தி என்னைவிட உங்களுக்குத் தெரியுமோ?"

"ஆமா" என்றார் லாவெல்.

அம்மா வாசல் வரைக்கும் வந்து ஒரு புட்டி பீச் பழத்தைக் கையில் திணித்தாள். பிரின்லி வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

மாணவர் குடியிருப்பில் அவர்களுடையது ஒன்றரை அறை வீடு. சமையல் மேஜை, சாப்பாட்டு மேஜை, படிப்பு மேஜை மூன்றும் ஒன்றுதான். அதன் மேல் பிரின்லி அச்சடித்து வந்த கணக்கை விரித்து வைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடு. முதல் கோடு டாலினுக்கு, இரண்டாவது இவளுக்கு.

ஐந்தரை மணிக்கு டாலின் டயர் கடையிலிருந்து வந்தான். கையெல்லாம் கரி. நேரே குளிர்பெட்டியைத் திறந்தான்.

"என்ன பிரின், சாப்பிட என்ன இருக்கு?"

"பீச் பழம் இருக்கு. அம்மா குடுத்தாங்க."

பாலை எடுத்த கை அப்படியே நின்றது. "பண்ணைக்குப் போனியா?"

"போனேன். சுவருக்கு மஞ்சள் நல்லாத்தான் இருக்கு. அடுப்பும் வந்திருச்சு."

அவன் திரும்பவில்லை. குளிர்பெட்டிக்குள்ளேயே பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றான். உள்ளே இருந்ததோ ஒரு பால் குடுவையும் பாதி வெங்காயமும்.

"சொல்லத்தான் இருந்தேன்."

"எப்போ? அடுத்த வாரமா?"

நடந்ததை எல்லாம் சொன்னாள். காலையில் நூலகத்தில் கணக்கை அனுப்பியது, அது திரும்பி வந்தது, அப்பா சொன்னது. டாலினுக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம்.

"இரு இரு. என்னைக் கேக்காம, என் பேரையும் சேத்து நீ அனுப்பினியா? அப்ப நீ மட்டும் என்ன யோக்கியம்?"

பிரின்லி அதை வாங்கிக்கொண்டாள். நியாயமான அடிதான்.

"தப்புதான். நான் ஒரு காலைப் பொழுது உன்னை ஏமாத்தினேன். நீ எத்தனை நாளா?"

அவன் வந்து எதிரில் உட்கார்ந்தான். கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது. இருபத்திரண்டு வயதுதான், தலை குனிந்தால் இன்னும் சின்னவனாகத் தெரிவான்.

"எனக்குன்னு ஒரு பிடி மண் கிடையாது பிரின். எங்கப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டறாரு. இந்தப் படிப்பும் எனக்கு ஏறல. முப்பது ஏக்கர்னு ஒருத்தர் சொன்னா, நான் எப்படி வேணாம்பேன்? நீ நர்சிங் அங்கேர்ந்தும் போய்ட்டு வரலாம்ல?"

"ஜனவரி பனியில முக்கால் மணி நேரம் ஓட்டிட்டு, காலைல ஆறு மணிக்கு ஆஸ்பத்திரில நிக்கணும். அதுவும் இடம் இருந்தாத்தானே. நீயும் அவரும் பேசினபடி தனித்தனியா போட்டா ரீஃபண்ட் கிடையாது, இடமும் கிடையாது. போன வியாழக்கிழமை என்னைத் தூக்கிச் சுத்தினியே டாலின், அப்ப இதெல்லாம் உனக்குத் தெரியுமா தெரியாதா?"

அவன் மென்று விழுங்கினான். "தெரியும்."

"கையெழுத்துப் போடு" என்றாள் பிரின்லி. "நீ போட மாட்டேன்னு எங்கப்பா சத்தியம் பண்ணாத குறையா சொன்னாரு. இல்லைன்னு நான் சொல்லிட்டு வந்திருக்கேன்."

சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுது ஓய்ந்தது. டாலின் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முப்பது ஏக்கரும் வாய்க்காலும் அவன் கண்ணில் ஓடுவதை அவளால் பார்க்க முடிந்தது. போட மாட்டான் என்றே நினைத்தாள். மனசு கல்லாகிக் கொண்டிருந்தது.

அவன் கரிக் கையைச் சட்டையில் துடைத்தான். பேனாவை எடுத்தான். போட்டுவிட்டான்!

"உன்னைவிட நிலம் பெருசில்ல" என்றான். குரல் உடைந்திருந்தது.

பிரின்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா தோற்றுவிட்டார். இடம் போகாது, ஜூனுக்குள் பணம் வந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே, ஒரு பெருமூச்சோடு, மனசில் பட்டதைக் கேட்டாள்.

"எப்ப பேசினீங்க ரெண்டு பேரும்? கல்யாணம் ஆன உடனேயா?"

டாலின் பேனாவை மேஜையில் உருட்டினான்.

வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆகஸ்டில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட லாவெல், அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்து, 'பையன் நல்லவன், கட்டிக்கோ' என்று மகள் தலையில் கை வைத்தார். ஏழு வாரம் உபவாசம் இருந்து ஜெபித்தது பலித்தது என்று பிரின்லி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

"டாலின். கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி" என்றான். "அக்டோபர்ல. அவர் சம்மதிக்கலைன்னு நீ தினம் அழுதுட்டிருந்தே. நான் போய்க் கேட்டேன். வரிக் கணக்கு தனித்தனியா போடணும், பண்ணைக்குக் குடிவரணும், இதுக்கெல்லாம் சரின்னா நான் தடுக்கலைன்னாரு. உனக்காகத்தான் பிரின், சத்தியமா உனக்காகத்தான்."

"நிலமும் அன்னிக்குத்தானா?"

"அன்னிக்குத்தான்."

அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள். வேகமாக அல்ல, மெதுவாகத்தான். அப்பா தலையில் கை வைத்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டாள்! அந்தக் கை அதற்கு முன்னால் இவன் கையைக் குலுக்கிவிட்டு வந்த கை.

டாலின் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினான். பேனாவை அதன் மேல் வைத்தான்.

"நான் போட்டுட்டேன்ல? நீயும் போடு பிரின். காலைல முதல் தபாலுக்கே நான் குடுத்துடறேன்."

இரண்டாவது கோடு காலியாக இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், 'வாழ்க்கைத் துணையின் கையெழுத்து' என்று அச்சடித்திருந்தது. பிரின்லி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பேனாவை எடுக்கவில்லை.